பகை என்னும் சூலைநோய்

திருவிழாக் காலம் வந்துவிட்டால் சைவக் கிராமங்களின் முகமே மாறிவிடும். வாழையும் தோரணமுமாக வீதிகள் பொலிவு பெறும். திருகோணமலைப் பட்டினத்தின் அயலிலுள்ள பாலையூற்றும் இதற்கு விலக்கன்று. வெளிநாடுகளிலும் வெளி மாவட்டங்களிலும் வாழும் பிள்ளைகள் விடுப்பெடுத்து ஊர் திரும்புவர். ஆலயமணி ஒலிக்க, வசந்த மண்டபத்தின் முன்னே அடியார் கூட்டம் கைகூப்பி நிற்கும். பார்ப்பவர்கள் இவர்கள் அனைவரும் ஒரே குடும்பத்தினர் என்றே எண்ணுவர்.

ஆயினும் எந்த ஊரிலும் சற்றுக் கூர்ந்து நோக்கினால் வேறொரு காட்சியும் தென்படும். ஒரு வீட்டார் வடக்கு வீதியில் நின்றால் இன்னொரு வீட்டார் தெற்கு வீதிக்குப் போய்விடுவர். ஒருவர் பிரசாதம் பகிரும் வரிசையில் மற்றவர் தம் பிள்ளையை நிற்க விடமாட்டார். காரணம் கேட்டால், என்றோ எல்லை வேலியில் ஒரு கதியால் அரை முழம் தள்ளி நடப்பட்டது என்பர். ஒரு கலியாண வீட்டுக்கு முறையாகச் சொல்லவில்லை என்பர். ஆலயத்தில் இன்ன நாள் உபயம் தங்கள் பாட்டனாருக்கே உரியது என்பர். அந்த வேலி இன்று மதிலாகிவிட்டது. அந்தக் கலியாணத் தம்பதிகள் பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். பாட்டனார் சிவபதம் எய்திப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. பகை மாத்திரம் அப்படியே இருக்கின்றது. காரணம் மறந்த பின்னரும் கைவிடப்படாமல் தொடர்வதே பழம்பகையின் இயல்பாகும்.

இப்படிப்பட்ட பகையை நெஞ்சில் வைத்துக்கொண்டு இறைவன் சந்நிதியில் நின்றால் அவ்வழிபாடு நிறைவு பெறுமா? இவ்வினாவுக்கு விடை தேடுவோரைச் சேக்கிழார் பெருமான் சோழநாட்டிலுள்ள திருப்பெருமங்கலத்துக்கு அழைத்துச் செல்கின்றார்.

ஓர் அடியாரின் கோபம்

திருப்பெருமங்கலத்தில் ஏயர்குடியில் தோன்றியவர் கலிக்காம நாயனார். சோழ மன்னரின் சேனைக்குத் தலைமை பூண்ட குடி அது. அருகிலுள்ள திருப்புன்கூர்ச் சிவலோகநாதருக்குத் திருப்பணிகள் பல செய்து வந்தவர் அவர். தலைமுறை தலைமுறையாகச் சிவத்தொண்டே செல்வமாகக் கொண்ட பரம்பரை. அவருக்கு வாய்த்த துணைவியாரும் அவ்வாறான குலத்தவரே. திருமண நாளன்று அடியார் வேடத்தில் வந்த இறைவன் கேட்டதும், மணக்கோலத்தில் நின்ற மகளின் நெடுங்கூந்தலை அரிந்து கொடுத்தாரே மானக்கஞ்சாற நாயனார், அவருடைய புதல்வியே இவ்வம்மையார்.

இப்படி வாழ்ந்து வந்த கலிக்காமர் செவியில் ஒரு செய்தி விழுந்தது. திருவாரூரிலே சுந்தரமூர்த்தி சுவாமிகள் தம்மீது பிணக்குற்ற பரவையாரின் ஊடலைத் தீர்ப்பதற்குச் சிவபெருமானையே தூது அனுப்பினார் என்பதே அச்செய்தி. இறைவன் ஒரு முறையன்று, இரு முறை நள்ளிரவில் ஆரூர்த் திருவீதியில் நடந்தார் என்று கேட்டபோது கலிக்காமர் துடித்தார். தேவர்களும் காண்பதற்கு அரிய திருவடியை ஒரு பெண்ணிடம் தூது செல்ல நடக்க விட்டவனும் ஒரு தொண்டனா? அவனைக் காண நேர்ந்தால் என்ன ஆகுமோ என்று கொதித்தார். அன்று மூண்ட கோபம் நாளடைவில் தணியவில்லை. உறுதியான பகையாக அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கலிக்காமரின் கோபம் காணிக்காகவோ பொருளுக்காகவோ எழுந்ததன்று. இறைவன்மீது கொண்ட அளவற்ற அன்பிலிருந்தே அது எழுந்தது. ஆலயங்களில் மூளும் பூசல்கள் பலவும் இத்தகையனவே. பரிபாலன சபையில் ஒரு சாராரும் மறு சாராரும் முரண்பட்டு நிற்கும்போது இரு சாராருமே கோயிலின் நன்மைக்காகவே பேசுகின்றோம் என்பர். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அதனாலேயே அப்பகை தீர்வது கடினமாகின்றது. பொருளுக்காகப் பகைத்தவன் பொருள் கிடைத்தால் தணிவான். சுவாமிக்காகப் பகைக்கின்றேன் என்பவன் தன் பகையையே தொண்டாக எண்ணிவிடுகின்றான்.

சூலை தீர்க்க வந்தவர்

கலிக்காமரின் சினம் சுந்தரருக்குத் தெரிய வந்தது. இறைவனுக்கே தோழர் என்று பெயர் பெற்றவர் அவர். "என் தோழர் தாமாகச் சென்றார், இதில் இவருக்கு என்ன?" என்று அவர் வாதாடியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தம்மீது பிழை உண்டு என்பதை உணர்ந்தார். அப்பெரியவரின் கோபம் தீர வேண்டும் என்று இறைவனிடமே விண்ணப்பித்துக்கொண்டார்.

இறைவன் இருவரையும் சேர்த்து வைக்கத் திருவுளம் கொண்டார். கலிக்காமருக்குச் சூலைநோய் வந்தது. வயிற்றைக் குடைந்தெடுக்கும் வலியால் அவர் துடித்து இறைவனை நினைந்தபோது, வன்தொண்டன் வந்தாலன்றி இந்நோய் தீராது என்ற திருவாக்குக் கிடைத்தது. வலி குறைவதற்குப் பதிலாக மனம் இன்னும் கொதித்தது. வழிவழியாக அடிமை செய்த குடியில் வந்த என் நோயை அவனா தீர்ப்பது? அதைவிட இந்நோயே என்னை வருத்தட்டும் என்றார்.

அங்கே சுந்தரருக்கும் இறைவன் ஆணை பிறந்தது. சுந்தரர் மகிழ்ந்து, தாம் வருவதாக முன்னதாகவே சொல்லியனுப்பிவிட்டுப் புறப்பட்டார். செய்தி கேட்ட கலிக்காமர், அவன் வந்து தீர்க்கும் முன்னரே நோயும் வயிறும் ஒன்றாக ஒழியட்டும் என்று உடைவாளை வயிற்றிற் பாய்ச்சி உயிர் நீத்தார். மாற்றானின் கையால் நன்மை பெறுவதிலும் மரணமே மேல் என்று எண்ண வைக்கின்ற அளவுக்குப் பகை ஒரு நல்லடியாரையும் கொண்டுபோய்விட்டது. பகையின் கொடுமையை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

அம்மையாரும் கணவருடன் உயிர்விடத் துணிந்தார். அந்த வேளையில், சுந்தரர் அருகில் வந்துவிட்டார் என்று சேதி வந்தது. அம்மையார் தம் துயரை அடக்கினார். அழுகையை நிறுத்துமாறு சுற்றத்தாரைப் பணித்தார். கணவரின் உடலை உள்ளே மறைத்து வைத்துவிட்டு, வாசலை அலங்கரித்து, நிறைகுடமும் தீபமும் வைத்து வந்தவரை வரவேற்கச் செய்தார். கணவரின் பகைவரென்று எண்ணத்தக்க ஒருவரை, அவரும் சிவனடியார் என்ற ஒரே காரணத்தால், அந்த நிலையிலும் முறை தவறாமல் உபசரித்தார்.

உள்ளே எழுந்தருளிய சுந்தரர், நோயுற்றவரைக் காண வேண்டும் என்றார். தீங்கு ஒன்றுமில்லை, உறங்குகின்றார் என்று கூறினர். சுந்தரர் விடவில்லை. என் மனம் தெளியவில்லை, காணவே வேண்டும் என்றார். கண்டார். குடர் சரிந்து குருதி வெள்ளத்திற் கிடந்த உடலைக் கண்டதும், இவருக்கு நேர்ந்ததே எனக்கும் ஆகட்டும் என்று அதே வாளைப் பற்றினார். அக்கணத்தில் இறைவன் திருவருளால் கலிக்காமர் உயிர்பெற்று எழுந்தார். எழுந்தவர் முதலிற் செய்தது, சுந்தரரின் கையைப் பிடித்து வாளைத் தடுத்ததே. எந்தக் கையால் தம் நோய் தீரக்கூடாது என்று உயிரை விட்டாரோ அந்தக் கையையே தம் கையாற் பற்றிக் காத்தார். சுந்தரர் அவர் அடியில் வீழ்ந்தார். அவர் சுந்தரர் அடியில் வீழ்ந்தார். முதலில் வணங்கியவர் யார் என்ற வழக்குக்கு அங்கே இடமிருக்கவில்லை.

அதன்பின் இருவரும் ஒன்றாகத் திருப்புன்கூர் சென்று சிவலோகநாதரைப் பணிந்தனர். நந்தனார் தேரடியில் நின்று தரிசிக்கும்பொருட்டுக் கல் நந்தியும் விலகிக் கொடுத்த தலம் அது. அந்தக் கோயிலுக்கு அந்த இரு அடியார்களும் தமக்கிடையே எந்தத் தடையுமின்றிச் சென்றனர். ஆனி மாதத்து ரேவதியில் கலிக்காமருக்கும், ஆடி மாதத்துச் சுவாதியில் சுந்தரருக்கும் குருபூசை நிகழ்கின்றது. ஒருவரை ஒருவர் அடுத்து வரும் இவ்விரு நாள்களிலும் இவ்வரலாற்றை ஆலயங்களில் எடுத்துரைப்பது மிகவும் பொருத்தமாகும்.

வரலாறு கற்பிக்கும் முறை

பகை தீர்க்க விரும்புவோருக்கு இவ்வரலாற்றில் ஒழுங்கான முறை ஒன்று காட்டப்பட்டுள்ளது. முதலாவது, தன் பக்கத்துப் பிழையை உணர்தல். மற்றவர் பிழையை எண்ணிக் கணக்கெடுப்பவர் எவரும் சமாதானத்துக்குப் புறப்பட்டதில்லை. இரண்டாவது, தானே சென்று வாசலில் நிற்றல். பெரியவர், சிறியவர் என்று பார்த்திருந்தால் சுந்தரர் திருவாரூரிலேயே இருந்திருப்பார். மூன்றாவது, வந்தவரை முகம் கொடுத்து வரவேற்றல். அந்த அம்மையார் வாசற் கதவை அடைத்திருந்தால் அருள் வெளிப்படும் வாய்ப்பே வந்திருக்காது. எத்தனையோ குடும்பங்களில் ஆண்கள் முறித்த உறவைப் பெண்கள் ஒரு சுண்டு அரிசியையோ ஒரு பிடி கறிவேப்பிலையையோ வேலிக்கு மேலாகக் கைமாற்றிக் காத்து வருகின்றனர். அவர்களும் இவ்வம்மையாரின் வழியினரே.

நான்காவது, சேர்ந்த பின்னர் இருவரும் ஒன்றாகக் கோயிலுக்குச் செல்லுதல். ஊர் காணும்படி சேர்ந்து நின்றால்தான் பிள்ளைகளும் சுற்றத்தாரும் தம் பங்குக்கு வைத்திருக்கும் பகையைக் கைவிடுவர்.

கோணமலையும் கொடிச் சேவலும்

எதிர்த்து நின்றவரையும் ஏற்றுக்கொள்ளும் இறைவன் இயல்பைத் திருகோணமலை மக்களுக்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோணேசர் ஆலயத்துக்குச் செல்வோர் பாறையிலுள்ள இராவணன் வெட்டைக் காணாமல் திரும்புவதில்லை. தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்க்க முயன்றான் இராவணன் என்பதும், அவனுடைய தாயின் அந்தியக் கிரியைகளுடன் தொடர்புற்றவை கன்னியாய் வெந்நீர்க் கிணறுகள் ஏழும் என்பதும் இம்மண்ணின் ஐதீகங்கள். கயிலையை எடுக்க முயன்ற அவனைத் திருவிரலால் ஊன்றி அடக்கிய இறைவனே, அவன் இசைபாடி வேண்டியபோது வாளும் நீண்ட வாழ்நாளும் கொடுத்தருளினார். கோணமாமலைக்குத் திருப்பதிகம் அருளிய திருஞானசம்பந்தர், தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் இராவணனை நினைவுகூர்வதை வழக்கமாகக் கொண்டார். அடக்கியதை மாத்திரமன்றி அருள்செய்ததையும் அப்பாடல்கள் கூறுகின்றன.

கந்தபுராணமும் இதையே காட்டுகின்றது. மாமரமாய் நின்ற சூரபன்மன் வேலால் இரு கூறாகி, சேவலும் மயிலுமாய்ச் சீறி வந்தான். முருகப் பெருமானின் அருட்பார்வை பட்டதும் சீற்றம் நீங்கியது. மயில் வாகனமாயிற்று, சேவல் கொடியாயிற்று. கந்தசஷ்டியில் சூரசம்ஹாரத்தைக் காண ஊரே திரளுகின்றது. ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். பகைவனாக வந்தவனைக் கொடியில் ஏற்றித் தலைக்குமேல் உயர்த்தி வைத்த பெருமானின் செயலை வீடு செல்லும் வழியில் எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

திருகோணமலையில் ஒரு நாள்

இவை புராண காலத்துச் செய்திகள், இக்காலத்துக்குப் பொருந்துமா என்று இளைஞர் கேட்கக்கூடும். அவர்களுக்கு இந்தத் திருகோணமலையிலேயே நிகழ்ந்த ஒன்றைக் கூறலாம். கட்சி அரசியலைப் புகழ்வதோ இகழ்வதோ இதன் நோக்கமன்று.

1944இல் அமரர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தொடக்கிய காலத்தில் அவருடன் தோளோடு தோள் நின்று உழைத்தவர் அமரர் சா. ஜே. வே. செல்வநாயகம். 1948இல் அரசாங்கத்தில் சேரும் விடயத்தில் இருவருக்கும் பிளவு ஏற்பட்டது. 1949 டிசெம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி தோன்றியது. அதன்பின் தேர்தலுக்குத் தேர்தல் இரு தரப்பும் மேடைகளில் ஒன்றையொன்று கடுமையாகச் சாடின. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று பேச்சு முறிந்த குடும்பங்களும் உண்டு. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் பொன்னம்பலம் அவர்கள் தோற்றதும் தமிழரசுக் கட்சி வேட்பாளரிடமே.

அந்தத் தோல்விக்கு இரண்டே ஆண்டுகளின் பின்னர், புதிய குடியரசு யாப்பு நடைமுறைக்கு வருவதற்கு எட்டு நாள் முன்னதாக, 1972 மே 14இல் திருகோணமலையில் இவ்விரு கட்சிகளும் ஏனைய அமைப்புகளும் ஒன்றுகூடித் தமிழர் கூட்டணியை அமைத்தன. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த பகை இந்நகரில் வைத்துக் கைவிடப்பட்டது. 1976இல் கொழும்பில் அமிர்தலிங்கம் முதலானோருக்கு எதிரான வழக்கு மூன்று நீதிபதிகள் முன்னிலையில் விசாரிக்கப்பட்டபோது, எதிரிகள் சார்பில் தோன்றிய சட்டத்தரணிகளின் வரிசையில் முதுமையும் நோயும் வாட்டிய செல்வநாயகம் அவர்களும் பொன்னம்பலம் அவர்களும் ஒரே பக்கத்தில் இருந்தனர். ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் சைவர். ஒருவர் மெல்லப் பேசுபவர், மற்றவர் நாவன்மையால் மன்றத்தைக் கட்டிப்போடுபவர். பேதங்கள் அப்படியே இருந்தன. பகை மாத்திரம் போய்விட்டது.

1977 பெப்ரவரி 9இல் பொன்னம்பலம் அவர்கள் காலமானார். அதே ஆண்டு ஏப்ரல் 26இல் செல்வநாயகம் அவர்களும் காலமானார். இருவரும் பதினொரு வாரங்களுக்குள் அடுத்தடுத்து மறைந்தனர். இன்னும் ஐந்து வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்று அன்று எண்ணியிருந்தால் அவர்கள் பகைவர்களாகவே மண்ணுலகை விட்டுப் போயிருப்பர். அடுத்த திருவிழாவுக்குப் பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்போர் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

உத்தப்புரத்துச் சுவர்

சமாதானம் என்றால் தாழ்த்தப்பட்டவர் வாய்மூடி இருப்பது என்று சிலர் பொருள் கொள்கின்றனர். அது தவறு. தமிழ்நாட்டில் மதுரை மாவட்டத்து உத்தப்புரம் என்னும் ஊரில் 1989இல் நிகழ்ந்த சாதிக் கலவரத்தின் பின்னர் ஊரின் நடுவே நெடுஞ்சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களின் வழியை அது மறித்தது. முத்தாலம்மன் கோயிலிலும் அரசமரத்தடியிலும் வழிபடும் உரிமையும் பிணக்குக்குள்ளாயிற்று. 2008 மே 6இல் சுவரின் ஒரு பகுதி அதிகாரிகளால் இடிக்கப்பட்டது. அப்போதும் பகை தீரவில்லை. கல்லாலான சுவரை இயந்திரம் இடித்துவிடும், மனச்சுவரை இடிக்க அதனால் ஆகாது. இரு தரப்பாரும் ஒன்றாக அமர்ந்து பேசி 2011 ஒக்ரோபர் 20இல் உடன்படிக்கை செய்தனர். வழக்குகளைக் கைவிடவும் வழிபாட்டுரிமையை ஏற்கவும் இசைந்தனர். நவம்பர் 10இல் ஒடுக்கப்பட்ட மக்கள் அந்த அம்மன் சந்நிதிக்குள் சென்று வழிபட்டபோது மற்றத் தரப்பினர் அவர்களை வரவேற்றனர்.

பின்னாளில் அங்கு மீண்டும் பிணக்குகள் தலைகாட்டியதும் உண்டு. அதனால் அந்த உடன்படிக்கை வீண் என்றாகாது. ஏற்றிய தீபத்துக்கு நாள்தோறும் எண்ணெய் வார்க்க வேண்டும். ஒருநாள் கைகுலுக்கிவிட்டு மறுநாள் பழைய கதையைத் திண்ணையிலிருந்து பேசினால் திரி கருகத்தான் செய்யும். நீதி இல்லாத இடத்தில் சமாதானம் வேர்விடாது. பறித்ததைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பை மாத்திரம் கேட்பவன், நட்ட கதியாலைப் பிடுங்காமல் வேலிக்கு வெள்ளை பூசுகின்றான்.

ஊற்றை மூடிய மண்

கலிக்காமருக்கு வந்த சூலை வயிற்றைக் குடைந்தது. பகை என்னும் சூலையோ தலைமுறைகளைக் குடைகின்றது. தகப்பனார் மகனுக்குக் காணி எழுதிக் கொடுக்கும்போது, இன்னாருடன் பேசாதே என்ற சொல்லையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கின்றார். கனடாவிலும் இலண்டனிலும் பிறந்து முதன்முறையாக ஊர் பார்க்க வரும் பேரப்பிள்ளை, அயல் வீட்டுப் பிள்ளையுடன் ஏன் விளையாடக் கூடாது என்று கேட்கின்றது. விடை சொல்ல முடியாமல் பெரியவர்கள் விழிக்கின்றனர். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையிலும் இழந்தவை போக எஞ்சிய உறவுகள் சிலவே. அவற்றையும் அரை முழ வேலிக்காக இழப்பது அறிவுடைமையாகாது.

பாலையூற்று என்னும் பெயரிலேயே பாலையும் ஊற்றும் உள்ளன. பாலை என்பது நிழல்தரும் மரத்துக்கும் பெயர், நீரற்ற வறண்ட நிலத்துக்கும் பெயர். ஊற்று எந்த நிலத்தின் அடியிலும் வற்றாமல் இருக்கின்றது. மேலே விழுந்த மண்ணை எடுத்தால் தானே சுரக்கும். ஆண்டுதோறும் கிணறு இறைத்துச் சேறு வாருவது போல, ஆண்டுதோறும் கொடியேறும் நாளில் மனத்தையும் இறைத்துத் துப்புரவாக்க வேண்டும்.

திருவிழாவின் பத்து நாளும் விரதம் காப்போர் பலர். அவர்களில் ஒருவரேனும் இம்முறை கொடியேற்றத்துக்கு முன்னர் பல காலம் ஏறாத ஒரு வீட்டுப் படியில் ஏறி, "அண்ணை, கோயிலுக்குப் போவமே?" என்று கேட்கட்டும். அந்த வீட்டு அம்மையார் கதவைத் திறக்கட்டும். இருவரும் ஒன்றாக வீதியில் வருவதை ஊர் காணட்டும். கலிக்காமரையும் சுந்தரரையும் சேர்த்து வைத்த எம்பெருமான் அவர்களுக்கும் துணைநின்று அருள்புரிவாராக.

சுபம்.